ஏழாம் வருஷம்: யாவேயின் சட்டமும் கடன்பட்டோரின் விசுவாசமும்

பழைய இஸ்ரவேலர்களின் சட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு குரல்கள் உடனே எழும்பும். ஒன்று பக்தர்களுடையது: கடவுளே கல்லில் எழுதிக் கொடுத்தது, இதில் ஆராய என்ன இருக்கிறது? மற்றது நம்முடைய முற்போக்கு முகாமுடையது: கடவுள் பெயரால் வந்ததெல்லாம் பூசாரிகளின் புரட்டு, இதில் ஆராய என்ன இருக்கிறது? பிரதியைத் திறப்பதில்லை என்பதில் இருவரும் ஒன்று. திறந்து பார்க்கிறவனுக்குக் கிடைப்பது இடியும் மின்னலும் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் முட்டுகிற மாடு, மூடாமல் விட்ட குழி, அடகு வைத்த போர்வை, திருப்பித் தர முடியாத கடன், கடனுக்காக விற்கப்பட்ட மகள். இந்தக் கடன் என்கிற ஒரே நூலைப் பிடித்துக்கொண்டு போனால் தெய்வச் சட்டம் என்பது அந்தச் சமூகத்தில் என்ன வேலை செய்தது, எங்கே கைவிட்டது என்பது ஓரளவு தெரியவரும் என்று நினைக்கிறேன்.

லூவர் அருங்காட்சியகத்தில் நிற்கும் ஹமுராபியின் கருங்கல் தூண் பலருக்கும் படத்தில் பழக்கமானது. 1901-02இல் ஈரானின் சூசாவில் பிரெஞ்சு அகழ்வாளர்கள் எடுத்தது. காலம் ஏறத்தாழ கி.மு. 1750. உச்சியில் சூரியக் கடவுள் சமாஷ் உட்கார்ந்திருக்கிறார், எதிரில் ராஜா நிற்கிறான். கடவுள் அவனிடம் நீட்டுவது சட்டப் புத்தகம் இல்லை. ஒரு கோலும் வளையமும். அதாவது ஆளும் உரிமை. கீழே செதுக்கியிருக்கும் விதிகள், வழக்கமான கணக்குப்படி 282, தன்னுடையவை என்று ராஜாவே பெருமையடித்துக் கொள்கிறான். கடவுள் நீதிக்குச் சாட்சி, சட்டத்துக்கு ஆசிரியன் ராஜா.

மோசேயின் பெயரில் வழங்கும் ஐந்து நூல்களில் இந்த ஏற்பாடு தலைகீழாகிவிடுகிறது. அங்கே உள்ள விதி ஒன்றுகூட எந்த ராஜாவின் பெயரிலும் இல்லை. சட்டம் தரப்படும் இடமே நிலமும் ஊரும் அரண்மனையும் இல்லாத வனாந்தரம். (கொள்ளைப் பொருளைப் பங்கிடுவது குறித்துத் தாவீது ஒரு விதி செய்ததாக சாமுவேல் நூலில் வருகிறது. அப்போது அவன் இன்னும் ராஜாவாகவில்லை, தலைமறைவாகத் திரிந்த ஒரு கும்பலின் தலைவன்.) உபாகமம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ராஜா வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அவன் குதிரைகளையும் மனைவிகளையும் பொன்னையும் பெருக்கக்கூடாது, இந்தச் சட்டத்தை ஒரு சுருளில் பிரதி எடுத்துத் தன்னோடு வைத்துக்கொண்டு ஆயுசு முழுக்க வாசிக்க வேண்டும் என்கிறது. பண்டை மேற்காசியாவில் ராஜாவின் வேலை சட்டத்தைப் படிப்பது என்று சொன்ன பிரதி வேறொன்று எனக்குத் தெரிந்து இல்லை. மிச்ச வேலைகளையெல்லாம் அவனிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள்.

உள்ளடக்கத்தை எடுத்துக்கொண்டால் பாதி இரவல் சரக்கு. முட்டுகிற மாட்டைப் பற்றி ஹமுராபியும் பேசுகிறான், அவனுக்கு முந்திய எஷ்னுன்னா சட்டங்களும் பேசுகின்றன, யாத்திராகமமும் பேசுகிறது. யாத்திராகமத்தின் இந்தப் பகுதி ஹமுராபியின் பிரதியையே பார்த்து எழுதப்பட்டது என்று டேவிட் ரைட் 2009இல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை என்றாலும் உறவு இருப்பதை மறுப்பவர் குறைவு. ஆக, புதுமை விதிகளில் இல்லை, விதிகளுக்குக் கீழே யார் கையெழுத்து என்பதில் இருக்கிறது.

அந்தக் கையெழுத்து எப்போது போடப்பட்டது? கி.மு. 622இல் யோசியா ராஜாவின் காலத்தில் எருசலேம் கோயிலைச் செப்பனிடும்போது ஒரு நியாயப்பிரமாணப் புத்தகம் ‘கிடைத்தது’ என்று ராஜாக்கள் நூல் சொல்கிறது. ஆசாரியன் இல்க்கியா கண்டெடுக்கிறான், எழுத்தன் சாப்பான் ராஜாவுக்கு வாசித்துக் காட்டுகிறான், ராஜா உடையைக் கிழித்துக் கொள்கிறான். புத்தகம் மெய்யானதா என்று கேட்க அனுப்பப்படுவது உல்தாள் என்ற பெண் தீர்க்கதரிசியிடம். (சட்டத்தை மெய்யென்று சொன்னவள் பெண். அந்தச் சட்டம் பெண்ணைச் சாட்சியாகக்கூட ஏற்காது என்று பிற்கால ரபிகள் வியாக்கியானம் செய்தார்கள்.) அந்தப் புத்தகம் உபாகமத்தின் ஒரு முந்திய வடிவமாக இருக்க வேண்டும் என்ற கருத்து 1805இல் தெ வெட்டே எழுதிய ஆய்விலிருந்து வலுப்பெற்று, இன்றும் பல திருத்தங்களோடு உயிரோடிருக்கிறது.

1955இல் நிம்ருதில் கிடைத்த களிமண் பலகைகள் இந்தக் கதைக்கு ஒரு புதிய கோணத்தைத் தந்தன. கி.மு. 672இல் அசீரியப் பேரரசன் எசர்ஹத்தோன் தன் மகன் அசூர்பனிபாலுக்கு விசுவாசமாயிருக்கும்படி சிற்றரசர்களிடம் வாங்கிய சத்தியப் பிரமாணம் அது. 2009இல் துருக்கியின் தெல் தாயினாத்தில், ஒரு கோயிலுக்குள்ளேயே, இன்னொரு பிரதி கிடைத்தது. அதில் வரும் கட்டளைகளைப் பாருங்கள்: அசூர்பனிபாலை உன் உயிரைப்போல நேசி, அவனுக்கு எதிராகப் பேசுகிறவன் உன் சகோதரனானாலும் மகனானாலும் தீர்க்கதரிசியானாலும் மறைக்காதே, மீறினால் இன்னின்ன சாபம். உபாகமத்தின் 13ஆம் 28ஆம் அதிகாரங்களைப் படித்தவர்களுக்கு இது எங்கோ கேட்ட குரலாக இருக்கும். யூதா அப்போது அசீரியாவுக்குக் கப்பம் கட்டிய நாடு. யோசியாவின் பாட்டன் மனாசேயின் பெயர் எசர்ஹத்தோனின் கல்வெட்டுகளில் கட்டிடப் பொருள் அனுப்பிய சிற்றரசர்களின் வரிசையில் இருக்கிறது. பேரரசின் விசுவாசப் பத்திரத்தை எடுத்து, பேரரசன் பெயரை அடித்துவிட்டு, அந்த இடத்தில் யாவேயின் பெயரை எழுதியிருக்கிறார்கள் என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். உபாகமத்தில் வரும் ‘நேசி’ என்ற சொல் இதயத்தின் உருக்கத்தைக் குறிப்பதல்ல, மேலாதிபதிக்குச் சிற்றரசன் காட்ட வேண்டிய அரசியல் கடப்பாட்டின் சொல் என்று வில்லியம் மோரான் 1963லேயே காட்டியிருந்தார்.

தமிழ் கிறிஸ்தவர்கள் இதற்கெல்லாம் பயன்படுத்தும் ‘விசுவாசம்’ என்ற சொல் தற்செயலாக இங்கே நன்றாகவே பொருந்துகிறது. எஜமான விசுவாசம் என்கிறோம், நாய்க்கு விசுவாசம் உண்டு என்கிறோம். மனதுக்குள் ஒரு கருத்தை நம்புவது என்பதைவிட ஒருவனைவிட்டு இன்னொருவனிடம் போகாமல் இருப்பது என்ற பொருள்தான் நம் வாயில் முதலில் வருகிறது. எபிரேயத்தின் ‘எமுனா’வும் அப்படித்தான். அமலேக்கியரோடு யுத்தம் நடந்த அன்று மோசேயின் கைகள் தளராதபடி இருவர் இரண்டு பக்கமும் தாங்கிப் பிடிக்க, பொழுது சாயும் வரை அவை நிலையாக இருந்தன என்ற இடத்தில் இந்தச் சொல்தான் வருகிறது. நம்பிக்கை என்பது ஆடாமல் நிற்பது. யாராவது தாங்கிப் பிடித்தால்தான் அது நிற்கும் என்பதையும் அந்தக் காட்சியே சொல்லிவிடுகிறது.

அசீரியனிடமிருந்து பிடுங்கியது விடுதலையா? பாதி அப்படித்தான். மறுபாதியை மறைக்கக் கூடாது. ஒருவனுக்கே விசுவாசம் என்ற பேரரசின் கண்டிப்பும் அப்படியே கூட வந்துவிட்டது. வேறு தெய்வத்தை வணங்கலாமென்று ரகசியமாய்ச் சொல்கிற தம்பியை, மகளை, மடியில் கிடக்கும் மனைவியைக் காட்டிக் கொடு, முதல் கல்லை நீயே எறி என்கிறது உபாகமம். கானானியரை மிச்சம் வைக்காதே என்கிறது. இதனால் இழந்தவர்களின் குரல் எரேமியா 44ஆம் அதிகாரத்தில் எப்படியோ தப்பிப் பிழைத்து நிற்கிறது. எருசலேம் அழிந்து எகிப்துக்கு ஓடிவந்த பெண்கள் தீர்க்கதரிசியின் முகத்துக்கு நேரே சொல்கிறார்கள்: வானத்து ராணிக்கு நாங்கள் பணியாரம் சுட்டுப் படைத்துக் கொண்டிருந்த காலத்தில் வயிறாரச் சாப்பிட்டோம், நிறுத்திய நாளிலிருந்துதான் பட்டினியும் பட்டயமும், எங்கள் புருஷன்மாருக்குத் தெரியாமலா செய்தோம்? எரேமியா பதிலுக்குச் சாபம்தான் விடுகிறார். வாதத்துக்கு வாதம் அவரிடம் இல்லை.

இனி கடனுக்கு வருவோம்.

யூதேய மலைச்சரிவில் சிறு விவசாயியின் பிழைப்பு மழையை நம்பியது. ஒரு வருஷம் பொய்த்தால் விதைக்கடன். இரண்டாவது வருஷமும் பொய்த்தால் போர்வையோ திரிகைக் கல்லோ அடகு. பிறகு மகன், மகள். கடைசியில் அவனே. இது இஸ்ரவேலுக்கு மட்டும் உரிய கதை அல்ல. ஹமுராபி இதற்கு ஒரு வரம்பு வைத்தான்: கடனுக்காகக் கொடுக்கப்பட்ட மனைவியும் பிள்ளைகளும் மூன்று வருஷம் உழைக்க வேண்டும், நாலாம் வருஷம் விடுதலை. யாத்திராகமம் வைத்த வரம்பு ஆறு வருஷம், ஏழாம் வருஷம் விடுதலை. ராஜாவின் மூன்றைக் கடவுள் ஆறாக்கிவிட்டார் என்று ஏளனம் செய்ய வசதியாகத்தான் இருக்கிறது. விற்கப்பட்ட மகளுக்கு யாத்திராகமத்தில் அந்த ஏழாம் வருஷமும் கிடையாது. உபாகமம்தான் பிறகு பெண்ணையும் சேர்த்துக் கொள்கிறது, வெறுங்கையோடு அனுப்பாதே, ஆட்டிலும் தானியத்திலும் திராட்சரசத்திலும் பங்கு கொடுத்தனுப்பு என்கிறது. ஓடிவந்த அடிமையைத் திருப்பி அனுப்பாதே, அவன் விரும்பிய ஊரில் இருக்கட்டும் என்றும் சொல்கிறது. ஹமுராபியிடம் ஓடிவந்த அடிமைக்கு இடம் கொடுத்தவனுக்கு மரண தண்டனை. இந்த ஒரு வரிக்காகவே உபாகமத்தை எழுதியவர்களுக்கு நிறைய மன்னிக்கலாம் என்று தோன்றுகிறது.

ஆனால் வருஷக் கணக்கைவிட முக்கியமான வித்தியாசம் வேறு. பாபிலோனிய ராஜாக்கள் பட்டமேறும்போதோ நெருக்கடியிலோ கடன் ரத்து அறிவிப்பார்கள். ஹமுராபியின் வம்சத்தில் வந்த அம்மி-சதுக்காவின் ஆணை, ஏறத்தாழ கி.மு. 1646ஐச் சேர்ந்தது, கிடைத்திருக்கிறது. பிழைப்புக்காக வாங்கிய தானிய, வெள்ளிக் கடன்கள் செல்லாது, வியாபாரக் கடன் மட்டும் நிற்கும், மீறி வசூலித்ததைத் திருப்பித் தராதவனுக்குச் சாவு. இப்படியான விடுதலைக்கு அக்காதிய மொழியில் ‘அந்துராரு’ என்று பெயர். எபிரேயத்தில் அதே வேர் ‘தெரோர்’. லேவியராகமம் ஐம்பதாம் வருஷத்துக்குச் சொல்வதும், எரேமியா சொல்வதும் இந்தச் சொல்லைத்தான். சொல் ஒன்று, ஆனால் இடம் மாறிவிட்டது. பாபிலோனில் விடுதலை என்பது ராஜாவின் இரக்கம். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, வரும்போது கூடவே சேவகர்களும் வருவார்கள். இஸ்ரவேலில் அது ராஜாவின் கையிலிருந்து எடுக்கப்பட்டு நாட்காட்டியில் வைக்கப்பட்டது. ஏழாம் வருஷம் வந்தால் விடுதலை, எந்த ராஜாவின் தயவும் தேவையில்லை. ஏழைக்கு அது பிச்சை அல்ல, பாத்தியதை. மனித சிந்தனையில் இது பெரிய தாவல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

சரி, ஏழாம் வருஷம் வந்துருச்சு, கடன் கொடுத்தவன் விடமாட்டேங்கிறான். யார்கிட்டப் போறது? நாட்காட்டிக்குச் சேவகர்கள் கிடையாது. உபாகமத்தை எழுதியவருக்கே இது தெரிந்திருக்கிறது. ஏழாம் வருஷம் நெருங்குகிறதே என்று கையை மூடிக்கொள்ளாதே, அவன் உன்மேல் யாவேயிடம் முறையிட்டால் உனக்குப் பாவமாகும் என்று கெஞ்சுவதுபோலச் சொல்கிறார். சட்டப் பிரதிக்குள் இப்படி ஒரு கெஞ்சலை ஹமுராபியிடம் பார்க்க முடியாது. அதே அதிகாரத்தில் உங்களுக்குள் ஏழை இருக்கமாட்டான் என்று ஒரு வசனம், கொஞ்சம் கீழே ஏழை இல்லாமல் போகவே மாட்டான் என்று இன்னொரு வசனம். முரண்பாடு என்று விட்டுவிடலாம். எழுதியவரின் நம்பிக்கையும் அனுபவமும் அடுத்தடுத்து வரிசையில் உட்கார்ந்திருப்பதாகவும் வாசிக்கலாம். தண்டனையே இல்லாத இந்தச் சட்டம் நடக்க வேண்டுமானால் கடன் கொடுத்தவனுக்கு விசுவாசம் இருக்க வேண்டும். நடக்காதபோது அதைத் தாங்கிக்கொள்ளக் கடன்பட்டவனுக்கு விசுவாசம் வேண்டியிருந்தது. இரண்டும் ஒரே விசுவாசம் இல்லை.

1960இல் யாப்பாவுக்கும் அஷ்தோதுக்கும் இடைப்பட்ட கடலோரத்தில், மெஸாத் ஹஷவ்யாஹு என்று பின்னர் பெயரிடப்பட்ட ஒரு சிறு கோட்டையில், ஜோசப் நாவே என்ற தொல்லியலாளர் மையால் எழுதிய உடைந்த பானை ஓடுகளை எடுத்தார். காலம் கி.மு. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதி, அதாவது எருசலேமில் புத்தகம் ‘கிடைத்த’ அதே காலத்தை ஒட்டியது. ஓட்டில் இருப்பது ஒரு அறுவடைக்காரனின் மனு. அவன் சொல்லச் சொல்ல எழுத்தன் எழுதியதாக இருக்கலாம், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிற பதற்றம் அதில் அப்படியே இருக்கிறது. விஷயம் இதுதான்: அறுத்தேன், அளந்தேன், களஞ்சியத்தில் சேர்த்தேன், சோபாயின் மகன் வந்து என் உடையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான், வெயிலில் என்னோடு அறுத்தவர்கள் எல்லாரும் எனக்குச் சாட்சி சொல்வார்கள், நான் குற்றமற்றவன், என் உடையைத் திருப்பித் தரச் செய்யுங்கள் ஐயா. மனு கோட்டை அதிகாரிக்கு. முடிவு உடைந்துபோயிருக்கிறது. உடை கிடைத்ததா என்பது தெரியாது.

அடகாக எடுத்த போர்வையைப் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடு, அவன் எதைப் போர்த்திக்கொண்டு தூங்குவான் என்று யாத்திராகமமும் உபாகமமும் கேட்கின்றன. அடகுத் துணிகளை விரித்துப் பலிபீடத்தின் பக்கத்திலேயே படுத்துக்கொள்கிறவர்களை ஆமோஸ் சபிக்கிறார். இவன் உடை கடனுக்குப் போனதா, வேலை முடியவில்லை என்று அபராதமாகப் போனதா என்று தெளிவில்லை. எப்படியானாலும் தெய்வச் சட்டம் தனக்குச் சாதகமாக இருக்கும்போது அவன் அதைச் சொல்லியிருக்கலாமே? சொல்லவில்லை. யாவேயின் பெயரோ மோசேயின் பெயரோ மனுவில் கிடையாது. யாவேயின் பெயர் இருப்பது ஒரே இடத்தில்தான்: உடையைப் பிடுங்கியவனுடைய பெயரின் கடைசி அசையில். அறுவடைக்காரன் நம்புவது இரண்டை. ஒன்று அதிகாரியின் இரக்கம். மற்றது வெயிலில் கூட நின்றவர்களின் வாய்ச்சொல். சட்டம் எருசலேமில் சுருளுக்குள் இருந்தது, அவனுக்கு எட்டவில்லை என்பது எளிய விளக்கம். எட்டியிருந்தால் மட்டும் கோட்டை அதிகாரி அதற்குப் பயந்திருப்பானா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது.

சட்டம் எட்டிய இடத்திலும் என்ன நடந்தது என்பதற்கு எரேமியா 34ஆம் அதிகாரம். கி.மு. 588 வாக்கில் பாபிலோனியப் படை எருசலேமைச் சுற்றி வளைத்திருக்கிறது. கடைசி ராஜா சிதேக்கியா நகரத்தாரோடு உடன்படிக்கை செய்து, எபிரேய அடிமைகள் அத்தனை பேருக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும், தெரோர் அறிவிக்கிறான். கோயிலில் ஒரு கன்றுக்குட்டியை இரண்டாகப் பிளந்து போட்டு நடுவில் நடந்து சத்தியம் செய்கிறார்கள்: மீறினால் எங்கள் கதி இதுவாகட்டும். திடீரென்று இவ்வளவு பக்தி எங்கிருந்து வந்தது? முற்றுகைக்குள் அடிமைக்கும் சோறு போட வேண்டும், மதில்மேல் நிற்க ஆள் வேண்டும், கூடவே கடவுளின் கோபத்தையும் தணிக்க வேண்டும். எல்லாமும்தான் இருந்திருக்கும். பிறகு எகிப்தியப் படை வருகிறது என்ற செய்தி கேட்டுப் பாபிலோனியர் தற்காலிகமாக விலகினார்கள். விலகிய உடனே எஜமானர்கள் செய்த முதல் வேலை, விடுவித்தவர்களைத் தேடிப் பிடித்து மறுபடியும் அடிமையாக்கியது.

எரேமியாவுக்கு வந்த கோபம் விவிலியத்திலேயே மிகக் கடுமையானவற்றில் ஒன்று. நீங்கள் விடுதலை அறிவிக்கவில்லை அல்லவா, நான் அறிவிக்கிறேன், உங்களைப் பட்டயத்துக்கும் கொள்ளைநோய்க்கும் பஞ்சத்துக்கும் விடுதலை செய்கிறேன் என்று யாவே சொல்வதாகச் சொல்கிறார். இங்கே கவனிக்க வேண்டியது, ராஜாவின் அவசர ஆணையையும் ஏழாம் வருஷச் சட்டத்தையும் பிரதி ஒன்றாகக் குழப்பிவிடுகிறது. குழப்பம் தற்செயல் இல்லை. தெய்வச் சட்டம் தானாக நடந்ததே இல்லை, நடந்ததாக நமக்குத் தெரியும் ஒரே தடவையும் ராஜாவின் ஆணை தேவைப்பட்டது. சட்டம் எங்கள் கையில் இருக்கிறது என்று சொல்கிறவர்களைப் பார்த்து, எழுத்தர்களின் கள்ள எழுத்தாணி அதைப் பொய்யாக்கிவிட்டது என்று இதே எரேமியா வேறொரு இடத்தில் சொல்கிறார். பிளந்த கன்றின் நடுவே நடந்த பிரபுக்கள், அலிகள், ஆசாரியர்கள் என்று வகை வகையாகப் பட்டியல் இருக்கிறது. இரண்டுமுறை அடிமையானவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை.

நகரம் விழுந்தது. அதன் பின்னால் இரண்டு நூல்களிலும் ஒரு சிறு குறிப்பு வருகிறது, பிரசங்கங்களில் இதை யாரும் எடுப்பதில்லை. பாபிலோனியத் தளபதி நெபுசராதான் பிரபுக்களையெல்லாம் சிறைபிடித்துக்கொண்டு போகும்போது, ஒன்றுமில்லாத ஏழைகளை ஊரிலேயே விட்டுவிட்டு, அவர்களுக்குத் திராட்சைத் தோட்டங்களும் வயல்களும் கொடுத்தான். வரி வசூலாக வேண்டும் என்ற பேரரசின் கணக்கு அது, தயவு அல்ல. ஆனாலும் யாவேயின் சட்டத்தை வைத்திருந்தவர்கள் கொடுக்காத நிலத்தை யாவேயை அறியாதவன் கொடுத்துவிட்டுப் போனான்.

யூபிலி என்னும் ஐம்பதாம் வருஷ விடுதலை, நிலம் பழைய குடும்பங்களுக்கே திரும்ப வேண்டும் என்ற அந்தப் பெரிய கனவு, ஒருமுறையாவது நடந்ததாக விவிலியத்தில் ஒரு கதைகூட இல்லை. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் உள்ள விடுதலை மணியில் அந்த லேவியராகம வசனம் வார்க்கப்பட்டிருக்கிறது. அதே அதிகாரத்தின் பிற்பகுதி, அந்நியரை விலைக்கு வாங்கலாம், பிள்ளைகளுக்குச் சொத்தாக விட்டுப் போகலாம் என்கிறது. தென்மாநிலத்து அடிமை எஜமானர்கள் அந்தப் பகுதியைத்தான் மேற்கோள் காட்டினார்கள். இருவரும் வேதத்தைச் சரியாகத்தான் படித்திருக்கிறார்கள்.

பாரசீகர் காலத்துக்கு வந்தால், கி.மு. 445இல் ஆளுநராக எருசலேம் வந்த நெகேமியாவிடம் ஜனங்கள் ‘தங்கள் மனைவிகளோடு’ வந்து கூக்குரலிடுகிறார்கள். வயலை அடகு வைத்தோம், ராஜாவுக்கு வரி கட்டக் கடன் வாங்கினோம், எங்கள் மாமிசமும் அவர்கள் மாமிசமும் ஒன்றுதானே, எங்கள் மகள்களில் சிலர் ஏற்கனவே போய்விட்டார்கள். நெகேமியா பொதுக்கூட்டம் கூட்டி, பிரபுக்களை வெட்கப்பட வைத்து, நிலங்களைத் திருப்பித் தரச் சம்மதம் வாங்குகிறான், தானும் தன் ஆட்களும் கடன் கொடுத்தவர்கள்தான் என்பதையும் ஒப்புக்கொள்கிறான். ஏழாம் வருஷச் சட்டத்தை அவன் அங்கே ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அவன் கையில் இருந்தது பாரசீகப் பேரரசின் அதிகாரம், எதிரில் கத்திக்கொண்டிருந்த கூட்டம். இந்த இரண்டும் சேர்ந்தபோது ஆசாரியர்களைக் கூப்பிட்டுச் சத்தியம் வாங்கிக்கொள்ள முடிந்தது.

அதே நூற்றாண்டில் எகிப்தின் தெற்கு எல்லையில், நைல் நதியின் எலஃபன்டைன் தீவில், பாரசீகப் படையில் வேலை பார்த்த யூதர்களின் குடியிருப்பு இருந்தது. யாஹு என்ற பெயரில் தங்கள் கடவுளுக்குக் கோயில் கட்டி வைத்திருந்தார்கள். அவர்களுடைய பாப்பிரஸ் ஆவணங்களில் மோசே கிடையாது, சீனாய் கிடையாது, நியாயப்பிரமாணம் கிடையாது. கி.மு. 456இல் எழுதிய ஒரு கடன் பத்திரத்தில், யெஹோஹென் என்ற பெண் மெசுல்லாம் என்பவனிடம் 4 சேக்கல் வெள்ளி வட்டிக்கு வாங்குகிறாள். கட்டாவிட்டால் வட்டி முதலோடு சேர்ந்து வட்டி வளரும், வீடோ அடிமையோ தானியமோ எதை வேண்டுமானாலும் அவன் எடுத்துக்கொள்ளலாம். இருவரும் யூதர்கள். சகோதரனிடம் வட்டி வாங்காதே என்ற கட்டளை அந்தத் தீவுக்குப் போய்ச் சேரவே இல்லை, ஆனால் யாஹுவின் மேல் அவர்களுக்கிருந்த பக்தியில் குறைவில்லை. கி.மு. 410இல் கோயில் இடிக்கப்பட்டபோது கோணியுடுத்தி உபவாசம் இருந்து மனு மேல் மனு போட்டார்கள். விசுவாசத்துக்குச் சட்டம் கட்டாயத் தேவை என்பதே பிற்காலத்து எண்ணம்தான். மோசேயின் சட்டத்தைச் சாதாரண ஜனங்கள் பரவலாகக் கடைப்பிடித்ததற்கான சான்று கி.மு. இரண்டாம் நூற்றாண்டுக்கு முன் கிடைக்கவில்லை என்று யோனத்தான் ஆட்லர் 2022இல் வாதிட்டிருக்கிறார். 

கடைப்பிடிக்கத் தொடங்கியபோது, உபாகமத்தை எழுதியவர் பயந்தது அப்படியே நடந்தது. ஏழாம் வருஷம் நெருங்கினால் யாரும் கடன் கொடுப்பதில்லை. கி.மு. முதல் நூற்றாண்டின் இறுதியில் ஹில்லெல் என்ற ஆசிரியர் இதற்கு ‘ப்ரொஸ்புல்’ என்ற வழி கண்டுபிடித்ததாக மிஷ்னா சொல்கிறது. கடன் கொடுத்தவன் நீதிபதிகள் முன்னால் ஒரு பத்திரம் எழுதி வைத்துவிட்டால் ஏழாம் வருஷமும் வசூலிக்கலாம். ஏழைக்கு அவசரத்துக்குக் கடன் கிடைக்க வேண்டுமே என்ற நல்லெண்ணம்தான். சட்டம் அப்படியே இருந்தது, விடுதலை மட்டும் போய்விட்டது. யூதேயப் பாலைவனத்தின் முரப்பாத் குகைகளில் கிடைத்த, நீரோவின் இரண்டாம் ஆண்டைச் (கி.பி. 55/56) சேர்ந்த ஒரு கடன் பத்திரத்தில், விடுதலை வருஷமாயிருந்தாலும் திருப்பித் தருவேன் என்று கடன்பட்டவனே எழுதிக் கொடுத்திருக்கிறான்.

அந்தப் பத்திரங்கள் எருசலேமின் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருந்தன. கி.பி. 66இல் உரோமை ஆட்சிக்கு எதிரான கலகம் வெடித்தபோது, கலகக்காரர்கள் தலைமை ஆசாரியன் அனனியாவின் வீட்டைக் கொளுத்தினார்கள். அடுத்து நேரே காப்பகத்துக்குப் போய், கடன் பத்திரங்களுக்குத் தீ வைத்தார்கள். கடன்பட்ட கூட்டத்தைத் தங்கள் பக்கம் இழுக்கவும், ஏழைகளைப் பணக்காரர்களுக்கு எதிராகத் தூண்டவும் செய்த சூழ்ச்சி என்று ஜொசிஃபஸ் எழுதுகிறார். அவர் ஆசாரியக் குடும்பத்தவர், வேறு எப்படி எழுதுவார்? ஏழாம் வருஷம், தெரோர் என்ற சொற்கள் அவர் விவரணையில் வரவில்லை. பிறகு கலகத் தலைவர்களில் ஒருவனான சீமோன் பார் கியோரா அடிமைகளுக்கு விடுதலை அறிவித்தான் என்பதையும் அவர்தான் சொல்கிறார், அயோக்கியர்களைச் சேர்த்துக்கொள்ளச் செய்த தந்திரம் என்ற அதே தொனியில்.

கி.பி. 71இல் உரோமில் வெற்றி ஊர்வலம் நடந்தது. எருசலேம் கோயிலிலிருந்து எடுத்த பொன் மேசையும் விளக்குத் தண்டும் தூக்கிச் செல்லப்பட்டன. கொள்ளைப் பொருள்களில் கடைசியாக வந்தது யூதர்களின் சட்டச் சுருள். ஊர்வலத்தின் முடிவில் சீமோனைக் கயிறு போட்டு இழுத்துப் போய்க் கொன்றார்கள். பொன் பாத்திரங்களைத் தான் கட்டிய சமாதானக் கோயிலில் வைத்த வெஸ்பாசியன், சட்டச் சுருளை மட்டும் கோயிலின் திரைகளோடு சேர்த்துத் தன் அரண்மனையிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னான்.